ராயசத்தின் நண்டுக் குளம்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்குப் பசியெடுக்கும் முன்பே ஆணையிடத் தோன்றிய காலத்தில், கடலோர நாடொன்றைக் கனகசேன மகாராஜா ஆண்டுவந்தார். ஒருநாள் விடியற்காலையில் கடற்கரையில் உலாவப் போனவர், முட்டையிட்டுவிட்டுத் தாமதமாகக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் ஆமையைக் கண்டார். அதன் கண்களில் நீர் வழிந்தது. பக்கத்தில் அறுபது குடிசைகள் கொண்ட மீனவர் குப்பம் இருந்தது. மகாராஜா ஆமையைப் பார்த்தார், குப்பத்தைப் பார்த்தார், இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்.

"இனி இது காப்புக் கரை. கடலோரத்தில் எவர் வீடும் இருக்கலாகாது" என்றார். பிறகுதான் பலகாரம் சாப்பிடப் போனார்.

அரசரின் ஆணைகளை ஓலையில் எழுதும் ராயசமாக இருந்தவர் விருத்தகிரி. அவர் ஆணையை வாசித்தால் சபை கொட்டாவி விடும். அரண்மனை விகடன் தொந்தியப்பன் சும்மா தும்மினாலும் சபை சிரிக்கும். இதில் விருத்தகிரிக்குப் பன்னிரண்டு வருட வயிற்றெரிச்சல்.

குப்பத்தார் ஓடிவந்து, உப்பங்கழிக் கரைக்காவது குடிபோகிறோம் என்று விண்ணப்பித்தார்கள். அந்த வழியையும் அடைக்க நினைத்த ராயசம் ஆணையை இப்படி எழுதி வாசித்தார்:

"கடலோ கழியோ கால்வாயோ குட்டையோ, கடல்நீர் ஏறி இறங்கும் இடமெல்லாம் கடலே. அதன் விளிம்பிலிருந்து ஐந்நூறு தப்படிக்குள் வீடு இருக்கலாகாது. பெரியவர், சிறியவர் என்ற விலக்கு எவருக்கும் இல்லை."

வாசித்து முடித்தவர், "பிரபு, இதை நிறைவேற்றும் பொறுப்பைத் தொந்தியப்பனுக்கே அளிக்கலாம். குப்பத்தில் அவருக்குப் பழக்கம் அதிகம். பௌர்ணமிக்குள் முடிக்காவிட்டால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று சேர்த்துக்கொண்டால் வேலை சுருக்காக நடக்கும்" என்றார்.

"சேர்த்துக்கொள்ளும்" என்றார் மகாராஜா.

தொந்தியப்பனுக்குப் பெயரில்தான் தொந்தி. ஆள் துடுப்புக் கட்டை போல இருப்பான். மீன் குழம்புக்காக வாரம் இரண்டு முறை குப்பத்துக்குப் போகிறவன், அன்று அளவுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். தேசம்மாள் என்ற மீன்காரி வழக்கம்போல அவனுக்கு இலை போட்டாள். அந்தக் கையால் எத்தனை நாள் வாங்கித் தின்றிருக்கிறோம் என்று நினைத்தபடி, கயிற்றைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"எதுக்கு சாமி எங்களைக் கிளப்பறாங்க?" என்று கேட்டாள் தேசம்மாள்.

"ஆமை அழுததாம்."

"முட்டை போடறப்ப அது எப்பவும் அழுவும். நான் ஆறு பெத்தவ. நான் என்ன சிரிச்சுக்கிட்டா பெத்தேன்?" என்றாள் அவள். பிறகு குரல் இறங்கியது. "ஐந்நூறு தப்படி தள்ளிப் போனா கடலு கண்ணுல படாது சாமி. தண்ணி நிறம் மாறுறதைப் பாத்துத்தான் மீன் வந்திருக்குன்னு வலை எடுக்கிறோம். காத்து திரும்புனா ஓடிப்போய்ப் படகை மேல இழுக்கணும். கடலைப் பாக்காம நாங்க எப்படிப் பொழைக்கிறது?"

தொந்தியப்பன் குனிந்து சோற்றைப் பிசைந்தான். அவள் உயிர் நண்டுகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டான்.

"ராயசத்து ஐயா வூட்டுக் குளத்துக்கு. நல்ல தண்ணியில வுட்டா செத்துப்பூடும். அதான் கழியிலேர்ந்து வாய்க்கா வெட்டி வெச்சிருக்காங்க. கடலு பொங்குனா குளத்துலயும் ஒரு முழம் ஏறும், வத்துனா எறங்கும்."

தொந்தியப்பன் கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தான். பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டான்.

மறுநாள் காலை ராயசத்தின் தோட்டத்துக் குளத்தில் ஒரு கோலை நட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தான். தோட்டக்காரன் கேட்டதற்கு, "அரச காரியம்" என்றான். உச்சிப்பொழுதுக்குள் நீர் ஒரு முழம் ஏறியது. குளக்கரையில் முதல் முளைக்குச்சியை அடித்தான். அங்கிருந்து கயிற்றைப் பிடித்துத் தப்படி எண்ணிக்கொண்டே நடந்தான். இருபதில் ராயசத்தின் வீடு வந்தது. நூற்றுத் தொண்ணூறில் அரண்மனை வாயில். முந்நூற்றுப் பன்னிரண்டில் சபை கூடியிருந்தது. அங்கே தரை கருங்கல். இரண்டு அடி அடித்துப் பார்த்தான், முளைக்குச்சி இறங்கவில்லை. அதைச் சிங்காசனத்தின் மேல் சாய்த்து வைத்தான்.

"மகாராஜா சற்றே எழுந்தருள வேண்டும். நாளைக்கு இந்த வீட்டை இடிக்கிறோம்."

"எந்த வீட்டை?" என்றார் மகாராஜா.

"இதைத்தான், பிரபு. குப்பத்தில் தொடங்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பெரிய வீட்டிலிருந்து தொடங்குவதுதானே மரியாதை? ராயசத்தின் குளத்தில் கடல்நீர் ஏறி இறங்குகிறது. நானே பார்த்தேன்."

"பிரபு, அது வெறும் நண்டுக் குட்டை!" என்று அலறினார் விருத்தகிரி.

"குட்டை என்ற சொல் ஆணையில் இருக்கிறதா என்று ராயசமே வாசித்துச் சொல்லட்டும்" என்றான் தொந்தியப்பன்.

ராயசம் வாசித்தார். அவர் வாசித்து, சபையில் எவரும் கொட்டாவி விடாதது அதுவே முதல் தடவை.

"அப்படியானால் நான் எங்கே போவது?" என்றார் மகாராஜா.

"செங்கல் சூளைக்கு அப்பால் நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறேன். காற்றோட்டமான இடம். கோட்டை வாசல் மட்டும் தெரியாது."

"மூடனே! யார் வருகிறார், யார் போகிறார் என்று கண்ணால் பார்க்காமல் நான் எப்படி நாட்டை ஆள்வது?"

"குப்பத்துத் தேசம்மாளும் கடலைப் பற்றி இதையேதான் கேட்டாள், பிரபு. எனக்குப் பதில் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்தால் போய்ச் சொல்லிவிடுகிறேன்."

மகாராஜா, சிங்காசனத்தில் சாய்ந்திருந்த முளைக்குச்சியை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியானால் அந்த ஆமை ஏன் அழுதது?" என்று மெல்லக் கேட்டார்.

தொந்தியப்பன், தேசம்மாள் ஆறு பெற்ற கதையை அவள் சொன்னபடியே சொன்னான்.

முதலில், பக்கத்து ஆசனத்தில் இருந்த மகாராணி சிரித்தாள். பிறகு மகாராஜா சிரித்தார், கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "கடலால் பிழைக்கிறவர்கள் கடலோரத்திலேயே இருக்கட்டும். ஆமை வரும் மாதங்களில் அவர்களே முட்டைகளுக்குக் காவல். உல்லாசத்துக்கென்று மாளிகை கட்ட மட்டும் அங்கே எவருக்கும் இடமில்லை. எழுதும், ராயசமே" என்றார். கையிலிருந்த முத்து மோதிரத்தைத் தொந்தியப்பனுக்குப் போட்டுவிட்டார். குளத்து நண்டுகள் அத்தனையும் அவனுக்கே என்றார்.

அன்று குப்பத்தில் அறுபது அடுப்பிலும் நண்டுக் குழம்பு கொதித்தது. ராயசம் புதிய ஆணையை அரசர் சொன்னபடியே எழுதினார். ஒரு சொல்கூடத் தாமாகச் சேர்க்கவில்லை.