செவ்வாய் ஏன் கதவைத் திறப்பதில்லை

அந்தக் காலத்தில் காற்றுக்கும் பேச்சு வரும். அப்போது ஒருநாள், செவ்வாய்க் கிரகத்தில் பொழுது சாய்ந்து இருட்டிய பிறகு ஒரு சத்தம் கேட்டது. காலிப் பானையின் அடியை யாரோ நாக்கால் வழிப்பது போன்ற சத்தம். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சேந்தி நிமிர்ந்தாள். பிள்ளையும் வாயை எடுத்துவிட்டுக் கேட்டது.

செவ்வாய் முன்பு பச்சையாக இருந்தது. ஆறு உண்டு, ஏரி உண்டு. எந்த வீட்டுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. வாசலில் நீண்ட காம்புள்ள இரும்புக் கரண்டி ஒன்று தொங்கும். யார் வந்து தட்டினாலும் அதில் தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டும். வந்தவர் "போதும்" என்று சொல்லும்வரை வீட்டார் நிறுத்தக் கூடாது. அதுதான் அந்த ஊர் வழக்கம்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"தண்ணீர் இருக்கிறதா? உள்ளே யாராவது இருக்கிறீர்களா?"

சூரியனிடமிருந்து கிளம்பி வந்த காற்று அது. செவ்வாயின் வயிற்றுக்குள் எரிந்துகொண்டிருந்த அடுப்புதான் மேலே ஒரு காந்தக் குடையைப் பிடித்திருந்தது; அடுப்பு அணைந்ததிலிருந்து, காற்றைத் தடுக்க மேலே ஒன்றும் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டது. கேட்ட வீடெல்லாம் கொடுத்தது. அது மட்டும் ஒருதரம்கூட "போதும்" என்று சொல்லவில்லை. ஏரி வற்றியது. ஆறு தன் தடத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனது. கொடுத்து முடித்தவர்கள் கரண்டியை வாசலில் போட்டுவிட்டுத் தண்ணீர் தேடி நடந்தார்கள். சேந்தியின் கணவனும் அப்படிப் போனவன்தான்; திரும்பவில்லை. மிச்சமிருந்தது சேந்தி வீட்டு நிலவறையில் இருந்த கிணறு ஒன்றே.

கணவனின் தங்கை கொற்றி எழுந்தாள்.

"எங்க போற?"

"வாசல்ல ஆள் நிக்குதில்ல அண்ணி."

"ஆளா அது? ஏரியையே குடிச்சிட்டு ஏப்பம்கூட விடல."

"வந்தவங்க வயித்த அளக்கறது நம்ம வேலை இல்ல. எங்கம்மா இருந்தா இந்தப் பேச்சை..."

"உங்கம்மா காலத்துல வந்தவங்க போதும்னு சொன்னாங்க, கொற்றி."

பிள்ளை அழத் தொடங்கியது. கொற்றி கரண்டியில் மொண்டுகொண்டு போனாள். கதவை ஒருச்சாய்த்து நீட்டினாள். காற்று தண்ணீரைக் குடித்தது. கரண்டியை நக்கியது. பிறகு அவள் கையை நக்கியது. திரும்பி வந்தபோது அந்தக் கை சருகாகியிருந்தது.

"என்ன சொல்லிச்சு?"

"இன்னும் கேக்குது." உதட்டை நனைக்கப் பார்த்தாள், வாயில் ஈரம் இல்லை. "உள்ள அழுறது யாருன்னு கேட்டுச்சு. கண்ணீரும் தண்ணிதானேன்னு சொல்லிச்சு."

சேந்தி பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"கரண்டியைக் குடு."

"நீங்க போய் ஊத்தப் போறீங்களா?"

"கிணத்தறைக்குப் போறேன். நீயும் வா."

"கதவடைச்ச வீட்ல நான் இருக்க மாட்டேன் அண்ணி. செத்தாலும் ஊர்ப்பேச்சு நிக்கும்."

"பேச ஊர்ல யார் இருக்கா? வா. நீ பாடினாத்தான் இவ தூங்குவா. என் பாட்டுக்கு அழறா."

கொற்றி வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"உங்க பாட்டுக்கு நானே அழுதிருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

நிலவறையின் கல்கதவில், இழுத்து மூடுவதற்கென்று உட்புறம் ஒரு இரும்பு வளையம் இருந்தது. சுவரில் இன்னொன்று, விளக்கு மாட்டுவதற்கு. கொடுப்பதற்கென்றே அடித்த கரண்டியின் காம்பை சேந்தி இரண்டுக்கும் குறுக்கே செருகினாள். அந்த ஊரில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை.

அன்று முதல்தான் செவ்வாயின் மேல்தரை வறண்டு கிடக்கிறது. வாசல்களில் விட்டுப்போன கரண்டிகள் துருப்பிடித்து, பொடியாகி, எங்கும் பறந்து படிந்ததால்தான் அதன் மண் சிவந்தது. இப்போது பூமியிலிருந்து வண்டிகள் போகின்றன. நல்ல எண்ணத்தோடுதான் போகின்றன. தரையைச் சுரண்டுகின்றன, துளை போடுகின்றன, குனிந்து கேட்கின்றன: "தண்ணீர் இருக்கிறதா? உள்ளே யாராவது இருக்கிறீர்களா?"

கீழே கொற்றி பாட்டை நிறுத்துகிறாள். சேந்தி பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு, இருட்டில் தடவிப் பார்த்து, கரண்டிக் காம்பை வளையத்துக்குள் இன்னும் ஒரு விரற்கடை தள்ளுகிறாள்.