நானூற்றில் பாதி

கபடிக் கிளப் தலைவர் பரமகுருசாமிக்குக் கையில் போன் இருந்தால் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆட்டத்தில் தோற்ற ஆத்திரத்தில், நடுவர் மரியதாசை நாய், பேய் என்று திட்டி, கிளப் வாட்ஸப் குரூப்பில் குரல் பதிவாகவே அனுப்பினார். நடுவர் அதைக் கேட்காமலே குரூப்பை விட்டுப் போய்விட்டார்.

தலைவர் மைக்செட் இருளாண்டியைப் பிடித்தார்.

"நான் திட்டினது அந்தாளு காதுல விழணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலையில்ல."

மறுநாள் மரியதாஸ் நடுவராக நின்ற ஆட்டத்தின் நடுவே இருளாண்டி குழாய் ஸ்பீக்கரில் போனை மாட்டினார். தலைவரின் வசவு மைதானமெங்கும் முழங்கியது. கபடி பாடிப்போனவன் பாட்டை விட்டு அவுட்டானான். ஆட்டம் பார்க்க வந்திருந்த தலைவரின் மாமியார் காதைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார்.

"இத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டியேடா!"

"குரூப்ல நானூறு பேருக்குப் போட்டீங்களேய்யா. இங்க இருநூறு பேருதான். பாதி மானத்தைக் காப்பாத்தியிருக்கேன்."