வானமே கூரை

எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி ஒரு கோப்பையும் வென்றதில்லை. தாளாளர் எங்களைக் கூப்பிட்டார்.

"எந்தக் காலேஜுக்கும் இல்லாத பெருமை ஒண்ணை விளம்பரத்துக்கு ஒரே வரியில சொல்லுங்க. பொய் கூடாது. முடியலைன்னா டீமைக் கலைச்சிருவேன்."

மாற்று ஆட்டக்காரி இசக்கியம்மாள் பணிவாகச் சொன்னாள்: "எங்கள் ஆடுகளத்துக்கு வானமே கூரை!"

"பிரமாதம்!" தாளாளர் ஊரெங்கும் பேனர் கட்டினார்; எங்கள் ஆட்டச் சட்டை முதுகிலும் அச்சடித்தார்.

ஆண்டு விழாவுக்கு வந்த துணைவேந்தர் பேனரைப் படித்தார். "கூரை போட்டாச்சுன்னு போன வருஷம் இதே மேடையில சொன்னீங்களே?"

மறுவாரமே கூரை வேலை தொடங்கியது.

வேலை முடிந்ததும் தாளாளர் இசக்கியம்மாளிடம் கேட்டார்: "இனி அந்த வரி எதுக்கும்மா? எடுத்துரலாமே."

"கூரை நீங்க போட்டது சார். வெயில்ல ஆடினது நாங்க. வரி இருக்கட்டும்."

இன்றும் எங்கள் சட்டை முதுகில் அந்த வரிதான் இருக்கிறது.