வேலிக்குளத்துத் தண்ணீர்

வெண்ணிச் சீமையை ஆண்ட சொக்கப்ப பூபதி நல்லவர்தான். ஆனால் கடைசியாகக் காதில் விழுந்ததுதான் அவருக்கு வேதம். அவருடைய பெரியப்பா எண்பது தாண்டியவர். ஒருநாள் நெய் மிதக்கும் பொங்கலை மூன்றாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றார். மார்வலி வந்து போய்ச் சேர்ந்தார். ராஜா துக்கத்தில் இருந்த நேரம் பார்த்து அரண்மனை வைத்தியர் பூரணலிங்கம் ஆரம்பித்தார்.

"மகாராஜா, உங்கள் பாட்டனார் காலத்தில் மார்வலி உண்டா? நீரிழிவு உண்டா? எல்லாம் மந்திரி தாண்டவராயர் வேலிக்குளம் வெட்டிய பிறகு வந்த வினை. அந்தத் தண்ணீர்தான் எமன்!"

வைத்தியருக்கு என்ன கரிசனமா? பிழைப்பு போன எரிச்சல். முன்பெல்லாம் மாடு குளிக்கும் அல்லிக்குளத்தையே ஊரும் குடித்தது. மழைக்காலம் வந்தால் வாந்திபேதியில் வீட்டுக்கு ஒரு பிணம் விழும். வைத்தியரின் குளிகை விற்று மாளாது. தாண்டவராயர் குடிப்பதற்கென்றே தனிக்குளம் வெட்டி, வேலி கட்டி, காவலும் போட்டார். பேதி ஒழிந்தது. குளிகையில் பூஞ்சை பூத்தது.

"நாளைக்கே அந்தக் குளத்தைத் தூர்த்துவிடுங்கள்! ஜனங்கள் பழையபடி அல்லிக்குளத்தில் குடிக்கட்டும்!" என்றார் ராஜா.

 தாண்டவராயர் ஒரே வாரத்தில் இரண்டு தம்பிகளைப் பேதிக்குக் கொடுத்தவர். இந்தச் சோற்று மூட்டை வைத்தியரின் பேச்சைக் கேட்டு ஊர் மறுபடி சாக வேண்டுமா? ஆனாலும் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"வைத்தியரே, உங்கள் தகப்பனார் சாவில் நெய்ப்பந்தம் பிடித்த பேரப்பிள்ளைகள் எத்தனை பேர்?"

"பேரப்பிள்ளையா? அவர் போகும்போது நானே தொட்டிலில் கிடந்தேன்."

"எதில் போனார்?"

"பேதியில்."

"உங்கள் தாத்தா?"

"அவரும்... சின்ன வயதிலேயே, பேதியில்தான்."

"பார்த்தீர்களா மகாராஜா? இவர் குலத்தில் நீரிழிவே கிடையாது! இவருக்கு மட்டும் இருக்கிறது. பாவம், என் தண்ணீர் செய்த கொடுமை. முதல் மருந்து இவருக்குத்தான்." தாண்டவராயர் கை தட்டி அல்லிக்குளத்துத் தண்ணீர் கேட்டார். சேவகன் ஓடிப்போய் ஒரு செம்பில் மொண்டு கொண்டுவந்து நீட்டினான். "தினம் ஒரு செம்பு குடியுங்கள். நீரிழிவும் மார்வலியும் உங்களைக் கொல்லாது. அதற்கு என் தலை பிணை."

"அவ்வளவு நிச்சயமாகவா சொல்கிறீர்?" என்றார் ராஜா.

"நிச்சயம் மகாராஜா. அவை கொல்லும் வரைக்கும் இவர் உயிரோடு இருந்தால்தானே!"

வைத்தியர் செம்பைத் தள்ளிவிட்டு அலறினார். "ஐயோ, வேண்டாம்! பேதி கண்டு செத்துப்போவேன்!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கும் அப்போதுதான் புத்தியில் உறைத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலிக்குளம் தப்பியது. தாண்டவராயருக்குக் காதுக் கடுக்கன் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டே அவர் வைத்தியரைப் பார்த்துச் சொன்னார்:

"வீட்டுக்குப் போய் என் குளத்துத் தண்ணீரையே குடியும். பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, நிதானமாக மார்வலியில் சாகலாம்."