பார்த்துக்கொண்டிருந்த வரி

“சிஸ்டர், பாட்டு நின்னு போவுது” என்றாள் பிரிஸ்கா.

“எப்போ?”

“நான் பாக்காதப்போ.”

சிஸ்டர் அமலி தட்டச்சு செய்வதை நிறுத்தவில்லை. “பாக்கும்போது?”

“பாக்கும்போது ஒழுங்கா பாடுது.”

“அப்போ பாத்துக்கிட்டே இருங்கக்கா.”

அமலி அந்தக் கான்வென்டில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவர். பிரிஸ்காவைவிட வயதில் இளையவர். சில்வண்டு என்றொரு நிரலை எழுதியிருந்தார். பாட்டையெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வைத்துக்கொள்ளும். எந்த அறை எந்தப் பாட்டைக் கேட்கிறதோ அந்த அறைக்கு அதை அனுப்பும். அவ்வளவுதான் சில்வண்டு.

எழுதி முடித்ததும் அதை இணையத்தில் திறந்து வைத்துவிட்டார். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். அவர் பார்க்காத ஊர்களில், அவருக்கு உச்சரிக்க வராத பெயர்க்காரர்கள் அதில் பாட்டுக் கேட்டார்கள்.

திருத்தத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மட்டும் அமலி சொல்வார். அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார். திருத்தியவர், என்ன செய்தேன் என்று சின்னதாய் ஒரு குறிப்பு எழுத வேண்டும். குறிப்பு இல்லாத திருத்தத்தை அவர் திறந்தே பார்ப்பதில்லை.

பிரிஸ்கா ஒரு கம்பெனியில் நிரல் எழுதியவள். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டாள். எழுதுவது மறந்துபோய்விடுமோ என்று அமலியிடம் வந்து சேர்ந்தாள்.

பிள்ளையின் பெயர் ரெமி. அவள் திரைமுன் உட்கார்ந்திருக்கும்போது அவன் பக்கத்து அறையில், கான்வென்ட் நடத்தும் குழந்தைக் காப்பகமான கிரெஷ்ஷில் தூங்குவான். அங்கே பாடுவதும் சில்வண்டுதான்.

தூக்கத்தில் பாட்டு அறுந்தால் ரெமி திடுக்கிட்டு விழிப்பான். அழுவான். அழுகை மேலே மேலே ஏறும். ஏறிய இடத்தில் சத்தம் நின்றுவிடும். வாய் திறந்தபடி இருக்கும், மூச்சு வராது. உதடு கறுக்கும்.

பிறகு வரும்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சில பிள்ளைங்களுக்கு இப்படித்தான். மூச்சு தானா வந்துரும். வளர வளரச் சரியாயிரும்.”

டாக்டர் சொன்னதைப் பிரிஸ்கா நம்பினாள், பிள்ளை மூச்சு விடும் நேரமெல்லாம்.

*

“விளையாட்டில்ல சிஸ்டர். எங்க தப்புன்னு கண்டுபிடிக்க ஒரு வரி சேத்தேன். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் திரையில எழுதிக் காட்டுன்னு. அந்த வரி இருந்தா பாட்டு நிக்கவே மாட்டேங்குது. எடுத்தா நிக்குது.”

“அந்த வரி என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யல. பாக்குது. பாத்ததைச் சொல்லுது.”

“சொல்லுறதுக்கு நேரம் ஆவும்லா. எல்லாம் மெதுவாப் போவுது. மெதுவாப் போறவங்க முட்டிக்க மாட்டாங்க.”

“அப்போ அந்த வரியே இருக்கட்டுமே.”

அமலி அவள் கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தார். கை சுட்டது.

“நேத்து ராத்திரி தூங்குனீங்களாக்கா?”

“பிள்ளையப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அமலி அதே கையை எடுத்து அவள் நெற்றியிலேயே வைத்தார்.

*

தப்பு எங்கே என்று பிரிஸ்கா கண்டுபிடித்தாள்.

ஒரு நிரலுக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். ஒவ்வொன்றையும் ஓர் இழை என்பார்கள். தையல் அறையில் யாரோ புதுப்பாட்டு ஒன்றைப் பட்டியலில் சேர்க்கிறார். அது ஓர் இழை. கிரெஷ்ஷுக்காக அதே பட்டியலை இன்னோர் இழை படித்துக்கொண்டிருக்கிறது. படிக்கும்போதே பட்டியல் காலடியில் நகர்கிறது. பாட்டு அறுகிறது.

அவள் பூட்டுப் போட்டாள். சாவி ஒன்றுதான். சாவி எவன் கையில் இருக்கிறதோ அவன் மட்டும் உள்ளே போகலாம். மற்றவர்கள் நிற்க வேண்டும்.

குறிப்பு எழுதினாள்: “எல்லாவற்றையும் பூட்டிவிட்டேன்.”

அமலி படித்தார். “சாப்பிடப் போவோமா?” என்றார்.

சாப்பாட்டு அறையில் சிஸ்டர்கள் ஜெபம் முடித்துத் தட்டோடு நின்றார்கள். சமையலறையிலிருந்து மீன் குழம்பு வாசம் வந்தது. அமலி எல்லோருக்கும் முன்னால் போய்ச் சமையலறைக் கதவைப் பூட்டினார். சாவியை அங்கியின் பையில் போட்டுக்கொண்டார். விறுவிறுவென்று வெளிவாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றார்.

கிரெஷ்ஷைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் தெக்லாவுக்குப் பசி பொறுக்காது.

“ஏட்டி அமலி! சாவியப் பையில போட்டுக்கிட்டு எங்கட்டி போயி நிக்க?”

“தபால் வரணும் சிஸ்டர்.”

“தபால் வரும்போது வருது. கதவத் தொறந்து வச்சிட்டுப் போயி நில்லேன்!”

“உள்ள யாராச்சும் எதையாச்சும் கலைச்சிட்டா?”

“கலைக்க நாங்க என்ன பூனையா? வயிறு காயுதுட்டி!”

தபால்காரரைக் காணவில்லை. குழம்பு உள்ளே ஆறிக்கொண்டிருந்தது.

பிரிஸ்கா கையிலிருந்த காலித் தட்டைப் பார்த்தாள். மேசையில் வைத்தாள். சாப்பிடாமலே கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்பிப் போனாள்.

அவள் எழுதியதும் அப்படித்தான் இருந்தது. சாவியை வாங்கிய இழை, பெட்டியில் இல்லாத பாட்டை வாங்கிவர இணையத்தில் எங்கோ தூரத்துக்குப் போயிருந்தது. திரும்பி வரும்வரை சாவி அதன் கையில். எல்லா அறைகளும் தட்டோடு நின்றன.

*

ஒரு சாவியை இரண்டாக்கினாள். பட்டியலுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று.

நன்றாகத்தான் ஓடியது. பெட்டிகூடச் சூடாகவில்லை.

ஒரு காலையில் கான்வென்ட் கோயில், தையல் அறை, கிரெஷ் எல்லாம் ஒன்றாக ஊமையாயின.

சுவருக்கு அந்தப் பக்கம் ரெமி அழுதான். அழுகை ஏறியது. நின்றது.

பிரிஸ்கா ஓடினாள். தெக்லா அவனை ஒருக்களித்துப் பாயில் படுக்கவைத்திருந்தார். பிரிஸ்கா அவனை வாரி எடுத்தாள். அவள் தூக்கும்போதே மூச்சு வந்துவிட்டது. அது அவளுக்குத் தெரியவில்லை.

பிள்ளையோடு அமலியின் முன்னால் வந்து நின்றாள்.

“ரெண்டு சாவி வச்சேன் சிஸ்டர். ஒருத்தன் கையில பட்டியல் சாவி. பாட்டுச் சாவி வந்தாத்தான் விடுவேன்னு நிக்கான். இன்னொருத்தன் கையில பாட்டுச் சாவி. பட்டியல் சாவி வந்தாத்தான் விடுவேன்னு நிக்கான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நிக்காங்க. இப்பவும் நிக்காங்க.”

ரெமி அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். அவள் வலியில் அவன் முஷ்டியைப் பிடித்தாள். அவள் பிடிக்கப் பிடிக்க அவன் இறுக்கினான். அவன் இறுக்க இறுக்க அவளும்.

அமலி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

“யாரு முதல்ல விடணும்?”

“அவன் சின்னப்பிள்ளை சிஸ்டர்!”

“அதான் கேட்டேன்.”

பிரிஸ்கா கையைத் தளர்த்தினாள். பிள்ளைக்குப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணம் இல்லாமல் போனது. பின்னாலேயே வந்திருந்த தெக்லாவின் ஜெபமாலையை எட்டிப் பிடித்தான்.

“இந்தா, என் சாமியையும் பிடுங்கப் போறான்” என்றார் தெக்லா.

*

“பூட்டினா காத்துக் கெடக்கு. பூட்டாட்டி அறுந்து போவுது. நான் என்னதான் செய்ய?” என்றாள் பிரிஸ்கா.

அமலி அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பாடல் குழு பயிற்சி செய்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு தாள் கையில். நடுவே ஒரு ஸ்டாண்ட். அதில் அடுத்து எடுக்க வேண்டிய தாள்கள்.

“மூணாவது சரணத்துல ஒரு அடி மாத்தணும்” என்று அமலி பேனாவை எடுத்தார்.

பாடுகிறவர்களை நிறுத்துவார் என்று பிரிஸ்கா நினைத்தாள். நிறுத்தவில்லை. கையிலிருக்கும் தாளில் அடித்து எழுதுவார் என்று நினைத்தாள். அதையும் செய்யவில்லை.

அமலி ஓரமாக உட்கார்ந்து, மாறிய அடியோடு பாட்டை முழுக்கப் புதிதாக எழுதினார். போய்ப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்டாண்டிலிருந்த பழைய தாள்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதுத் தாள்களை வைத்தார். ஒரே அசைவு.

பாடி முடித்தவர்கள் தாளைப் போட்டுவிட்டுப் புதுத் தாளை எடுத்தார்கள். தெக்லா மட்டும் பழைய தாளிலேயே, பழைய அடியோடு, தன் சுருதியில் கடைசி வரி வரைக்கும் போனார். அவரை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது. முடித்துவிட்டு அவரும் புதுத் தாளை எடுத்துக்கொண்டார்.

யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. யாருடைய தாளும் கையிலிருக்கும்போது மாறவில்லை.

“சிஸ்டர்...” என்றாள் பிரிஸ்கா.

“போய் எழுதுங்க.”

*

எழுதினாள். இருக்கிற பட்டியலை இனி யாரும் தொடுவதில்லை. பாட்டைச் சேர்க்கிறவர் ஓரமாகப் புதுப் பட்டியல் எழுதுவார். முழுசாக எழுதியபின் ஒரே அசைவில் பழையதன் இடத்தில் வைப்பார். படித்துக்கொண்டிருப்பவர் பழையதைப் படித்து முடித்துவிட்டுப் புதியதற்கு வருவார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுத வந்தால், எழுதுகிறவர்களுக்குள் மட்டும் வரிசை. கேட்கிறவர்கள் யாரும் நிற்க வேண்டாம்.

எல்லா அறைகளிலும் பாட்டைச் சேர்க்கச் சொன்னாள், மாற்றச் சொன்னாள், எடுக்கச் சொன்னாள். ஓரிடத்திலும் பாட்டு அறுந்துபோகவில்லை.

குறிப்பு எழுதி அனுப்பினாள்.

அமலி மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தார். அடிக்கடி தலையாட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இது என்னக்கா?”

“அதுவா. அது இருக்கட்டும் சிஸ்டர்.”

ஒவ்வொரு அடியையும் திரையில் எழுதிக் காட்டும் அந்த வரியை மறுபடி சேர்த்திருந்தாள்.

“எதுக்கு?”

“எதுக்குமில்ல. ஒரு பயத்துக்கு.”

“இந்த வரி இருக்கிறவரை, மத்ததெல்லாம் சரியா தப்பான்னு உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாம இருந்தாப் பரவால்ல. எடுத்து, நின்னுட்டா?”

அமலி விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நீங்களே எடுத்துருங்க சிஸ்டர்.”

“நீங்க வச்சதுல்லா.”

பிரிஸ்கா சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ரெமி தூங்குகிறான். அங்கிருந்து பாட்டு மெலிதாகக் கேட்டது.

வரியை அழித்தாள். சில்வண்டை மறுபடி ஓடவிட்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. இதுவரை எழுத்து ஓடிக்கொண்டிருந்த இடம் வெறும் கறுப்பாக இருந்தது.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது.

அப்போது ரெமி அழுதான்.

பாட்டு நிற்கவில்லை. எறும்பு கடித்ததோ, கனவோ, வெறுமனேதானோ. அழுதான். அழுகை ஏறியது. நின்றது.

பிரிஸ்கா கிரெஷ் வாசலுக்கு ஓடினாள். தெக்லா பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“அங்கேயே நில்லு. உள்ள வந்து வெளிச்சத்த மறைக்காத.”

அவள் நின்றாள்.

வாய் திறந்திருந்தது. உதடு கறுத்தது. பாட்டு அடுத்த அடிக்குப் போனது. அவள் கையில் ஒன்றும் இல்லை. பிடித்துக்கொள்ள நிலைக்கால்தான் இருந்தது. அதையும் அவள் பிடிக்கவில்லை.

மூச்சு வந்தது.

மூச்சுக்குப் பின்னால் பெரிய சத்தமாக அழுகை வந்தது. அழுகைக்கு நடுவில் அவன் ஜெபமாலையைப் பார்த்துவிட்டான்.

“வந்துட்டான் திருடன்” என்றார் தெக்லா.

பிரிஸ்கா திரும்பி வந்து திரைமுன் உட்கார்ந்தாள்.

“என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார் அமலி.

“ஒண்ணும் செய்யல. வாசல்ல நின்னேன்.”

“பாட்டு?”

“அது பாட்டுக்குப் பாடிக்கிட்டிருந்தது.”

அமலி திரையைக் காட்டினார். “ஒரு வரி எடுத்திருக்கீங்க. குறிப்பு எழுதலையே.”

பிரிஸ்கா எழுதினாள்:

“பார்த்துக்கொண்டிருந்த வரியை எடுத்துவிட்டேன். அது இல்லாமலும் பாடுகிறது.”