அரையில் எத்தனை கால்

கல்குவாரி ஓரத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுத்தவர் தற்காலிக ஆசிரியை தமயந்தி. வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைக்காமல், பிள்ளைகளைக் காகிதம் மடிக்கவும் தண்ணீர் அளக்கவும் விட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அது கல்வி அதிகாரி சதாசிவத்துக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் அவர் சோதனைக்கு வந்தார். "ஒரே கேள்விதான். பிள்ளை தப்பாச் சொன்னா நாளையிலேருந்து நீங்க வரவேண்டாம்" என்று தமயந்தியிடம் சொல்லிவிட்டு, கல் உடைப்பவர்களின் மகளான மாரிக்கனியை எழுப்பினார்.

"அரையைக் காலால வகுத்தா என்ன?"

"ரெண்டு, சார்."

அதிகாரி சிரித்தார். "வகுத்தா குறையத்தானே செய்யும்? விடை அரைக்கால். எட்டுல ஒரு பங்கு." குறிப்பேட்டில் 'தவறு' என்று எழுதினார்.

மாரிக்கனி உட்காரவில்லை. "சார், சத்துணவுக் கூடத்துல அரை மூட்டை அரிசிதான் இருக்கு. ஒரு நாளைக்குக் கால் மூட்டை உலையில போடுறாங்க. எத்தனை நாளைக்கு வரும்?"

"ரெண்டு நாள்" என்றவர் தன் குறிப்பேட்டைத் திரும்பப் பார்த்தார்.

"அதைத்தான் சார் நானும் சொன்னேன். அரைக்கால் நாள்னா, இன்னிக்குச் சோறு வேகுறதுக்குள்ளயே தீர்ந்திருக்கணும்."

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு 'சரி' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

"மூணாம் நாளைக்கு என்ன சார் செய்யுறது?" என்று மாரிக்கனி கேட்டாள்.

"சொல்லி அனுப்புறேன்" என்று அவர் ஜீப்பில் ஏறினார்.

தமயந்தியின் வேலை தப்பியது. அரிசி வண்டி ஆறாம் நாள்தான் வந்தது.