தர்மகர்த்தா வீட்டு முற்றம்

புரட்டாசி பிறந்துவிட்டால் போதும், தர்மகர்த்தா வரதப்பரின் மூக்கு ஊரைச் சுற்ற ஆரம்பித்துவிடும். எந்த வீட்டில் மீன் வாசம் அடித்தாலும், பெருமாள் மாதத்தில் கவிச்சியா என்று அந்த வீட்டாரைக் கோயில் வாசலில் நிறுத்தி மானத்தை வாங்குவார்.

அவர் வளர்த்த நாய் கருவாயனோ தினமும் முற்றத்தைத் தோண்டிப் போட்டது. குழிகளை மூடி மூடி, வாசல் பெருக்கும் பூவாயிக்கு இடுப்பு ஒடிந்தது.

மூன்றாம் சனிக்கிழமை. பஜனைக்கு ஊரே அந்த முற்றத்தில் கூடியிருந்தபோது, கருவாயன் பாதி தோண்டிய குழியில் வரதப்பர் கால் இடறித் தடுமாறினார்.

"ஏய் பூவாயி! பஜனை முடியறதுக்குள்ள நாயைத் தோண்டாமப் பழக்கு. இல்லேன்னா நீயும் நாயும் வேற வீடு பாத்துக்குங்க!"

"பழக்கிடலாம் அய்யா. பாதியில நிறுத்தினா அதுக்கு ஏக்கம் தீராது. இந்தக் குழியை மட்டும் முழுசாத் தோண்டிக்கட்டும்."

அவர் வாயைத் திறப்பதற்குள் கருவாயன் நாலு பிறாண்டு பிறாண்டியது. வாழையிலைப் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. உள்ளே கோழிக்கால் எலும்புகள். ஜால்ரா சத்தம் நின்றுபோனது.

"எவனோ கொண்டாந்து புதைச்சிருக்கான்!" என்று கத்தினார் வரதப்பர்.

"அதானே அய்யா! புதைச்ச கை எதுன்னு கருவாயன் மோந்தே சொல்லிடும். மொதல்ல நீங்க கையை நீட்டுங்க, மத்தவங்களும் நீட்டுவாங்க."

வரதப்பரின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின.

"நாய்தானே, விடு. போகப் போகப் பழகிடும்."

அன்றோடு கருவாயன் தோண்டுவதை விட்டது. மறுநாள் பூவாயி வீட்டில் அயிரை மீன் குழம்பு கொதித்தது. அந்த வழியாக வந்த வரதப்பர், யாரும் கேட்காமலே, "எனக்கு ஜலதோஷம்" என்று சொல்லிக்கொண்டு போனார்.